ஆகாயத்தில் தொங்கிய வரலாறு

1881-இல் பசுமலையில் தொடங்கி, பிறகு கோரிப்பாளையத்துக்கு இடம் மாறிய மதுரை அமெரிக்கன் கல்லூரியின் கதையை, வளாகத்தில் நடந்தபடியே கண்டுபிடிக்கும் மிகைமெய் (ஏஆர், போன் கேமரா காட்டும் காட்சியின் மேல் படங்களைப் பொருத்துவது) விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். செங்கல் கட்டடத்தின் முன்னால் தெரிய வேண்டிய பழைய புகைப்படம் போனில் வரவேயில்லை.

வேப்பமரங்கள் ஜிபிஎஸ்ஸை மறைக்கின்றன என்று நினைத்துத் திறந்த மைதானத்துக்குப் போனேன். போனை எட்டு வடிவில் சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்தேன். வேறு போனும் வாங்கிப் பார்த்தேன். மூன்று நாள் வீண்.

நான்காம் நாள் அலுப்பில் அண்ணாந்தபோது, போனில் தலைக்கு நேர் மேலே ஒரு புள்ளி. அதுதான் படம்!

தவறு என்னுடையது. கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரத்தைக் கொடுத்திருந்தேன். நான் பயன்படுத்திய கூகுளின் மிகைமெய்க் கருவியான ஏஆர்கோர் எதிர்பார்ப்பதோ டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோள உயரத்தை; அதாவது, பூமியை மேடுபள்ளமில்லாத, சற்றே தட்டையான கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து அளக்கும் உயரத்தை. பல நாடுகளில் இந்த வேறுபாடு சில பத்து மீட்டர்தான். நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த ‘புவியீர்ப்புப் பள்ளம்’ இருப்பதால், மதுரையில் கடல்மட்டப் பரப்பே அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. அந்த அளவுக்குப் படம் மேலே போயிருந்தது.

உயர எண்ணை நீக்கிவிட்டு, தரையிலிருந்து உயரம் கணக்கிடும் நங்கூரத்துக்கு (படத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஏஆர்கோர் வசதி) மாற்றி 1.5 மீட்டர் என்று கொடுத்தேன். படம் கண்ணுக்கு நேராக வந்து நின்றது.