ஆபீஸ் விபிஎன்: பெட்டி வாங்குவதற்கு முன்பே செய்யும் தவறுகள்

கப்பலூர் சிட்கோவில் கம்பெனி, திருமங்கலத்தில் வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர், கே.கே. நகரில் ஆடிட்டர். மூவருக்கும் கம்பெனி சர்வரில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருள் வேண்டும். வெளியிலிருந்து இணையம் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய விபிஎன் போடலாம் என்றதும், எந்த ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) வாங்குவது என்றுதான் பேச்சு ஓடுகிறது. எந்த ஃபயர்வாலும் தீர்க்காத சிக்கல்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகின்றன.

முதலில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 என்று இருக்கும். வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே 192.168.1 அல்லது 192.168.0-தான். விபிஎன் இணைந்துவிட்டதாகப் பச்சை விளக்கு காட்டும், சர்வர் மட்டும் திறக்காது. சர்வரின் முகவரியான 192.168.1.10 எங்கே என்று லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆபீஸுக்கு 10.57.20 போல யாரும் சாதாரணமாக வைக்காத ஒரு வரிசையைக் கொடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிரிண்டர், கைரேகை வருகைப் பதிவு மெஷின், சிசிடிவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், ஆபீஸ் இணைப்புக்கு வெளியிலிருந்து வந்துசேர ஒரு பொது முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது நெட் கம்பெனி அதற்குக் கொடுத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி தரப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுவது) வேலைக்கு ஆகாது. நெட் கம்பெனியிடம் ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள். கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு சிறிய கிளவுட் சர்வரை வைத்து, ஆபீஸும் வீடும் அதில் வந்து சேரும்படி செய்யலாம்.

மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் "விபிஎன் ரொம்ப ஸ்லோ" என்ற புகார் வரும். பெரும்பாலும் விபிஎன் மேல் குற்றம் இல்லை. டேலி டேட்டா ஃபோல்டரை வீட்டு லேப்டாப்பில் நெட்வொர்க் டிரைவாக இணைத்து, அங்கிருந்து டேலியைத் திறக்கிறார்கள். மென்பொருள் அந்த ஃபைல்களைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு வாங்கும். ஆபீஸ் கேபிளில் ஒரு முறை போய்வர ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது. இணையம் வழியே அதுவே பல மடங்கு, அதுவும் ஆயிரக்கணக்கான முறை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினாலும் இது குறையாது, காசுதான் போகும். நடுவில் லைன் அறுந்தால் டேட்டாவே கெடலாம். டேலி ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும். விபிஎன் வழியாக ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் வேலை பார்த்தால், கம்பியில் வருவது திரையின் படம் மட்டும்தான். ஒன்று கவனிக்க வேண்டும்: சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். மூன்று நான்கு பேர் என்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான லைசென்ஸும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

"அப்படியென்றால் விபிஎன் எதற்கு, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். திறந்த 3389-ஐத் தேடிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் நிரல்கள் இணையம் முழுக்கச் சுற்றுகின்றன. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வரும் பிரபலமான வாசல் அது. பழைய ரவுட்டரில் இருக்கிறதே என்று பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையையும் எடுக்காதீர்கள். அதன் பாஸ்வேர்டு முறையை உடைக்கும் வழி 2012-லேயே வெளிவந்துவிட்டது.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே யூசர் பெயர் வைப்பது நம்மூரில் சகஜம். வேலையை விட்டுப் போனவரிடமும் அந்தப் பாஸ்வேர்டு இருக்கும். அமெரிக்காவில் 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் எரிபொருள் குழாயையே நிறுத்த நேர்ந்தபோது, தாக்கியவர்கள் உள்ளே வந்தது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. ஆளுக்கொரு கணக்கு, மொபைலில் ஒரு சரிபார்ப்பு எண், விலகும் நாளிலேயே நீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டருக்கு டேலி ஓடும் அந்த ஒரு கம்ப்யூட்டர் போதும், மொத்த நெட்வொர்க்கும் தெரிய வேண்டியதில்லை. யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

கடைசியாக, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாள். சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும், ஃபைபர் மோடத்துக்கு இருக்காது. மோடமையும் ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கரண்ட் திரும்பியதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிட்டு ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள்.