வயிற்று ஸ்கேனில் நிணநீர் முடிச்சு: அறிக்கையைப் படிப்பதும் அடுத்துக் கேட்க வேண்டியதும்

நிணநீரை வடிகட்டும் சிறு உறுப்பான நிணநீர் முடிச்சு எல்லார் வயிற்றிலும் உண்டு. இரைப்பையின் ஓரம், கல்லீரல் வாசல், குடலைத் தாங்கும் சவ்வு, மகாதமனியின் இரு பக்கம் என்று அவரை விதை போலக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். அதனால் சி.டி. அறிக்கையில் ‘லிம்ப் நோட்ஸ்’ என்று இருப்பது மட்டும் ஒரு செய்தியே அல்ல. அளவு, வடிவம், இடம் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அளவு ‘18 x 8 மி.மீ.’ என்பதுபோல் எழுதியிருக்கும். இதில் சிறிய எண்தான் கணக்கு. வயிற்றுக்குள் பொதுவாக அது 10 மி.மீ.யைத் தாண்டினால் பெரிது. உதரவிதானத்தின் கால்களுக்கு (அதை முதுகெலும்போடு இணைக்கும் தசைப்பட்டைகளுக்கு) பின்னால் இருப்பதற்கு 6 மி.மீ.தான் எல்லை. 18 x 8 என்பது நீளவாக்கில் வளர்ந்த சாதாரண முடிச்சாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் இந்த அளவுகோலை முழுதாக நம்பவும் முடியாது. 6 மி.மீ. முடிச்சுக்குள்ளும் புற்றுச் செல்கள் இருக்கலாம், 15 மி.மீ. வீக்கம் வெறும் அழற்சியாகவும் இருக்கலாம்.

நீள்வட்டமாக, நடுவில் கொழுப்போடு இருந்தால் நல்ல அறிகுறி. உருண்டு திரண்டு, நடுக்கொழுப்பு மறைந்திருந்தால் சந்தேகம். நடுப்பகுதி கறுத்து, ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் விளிம்பு மட்டும் வளையமாக ஒளிர்ந்தால், நம் ஊரில் முதலில் டி.பி.யை நினைக்க வேண்டும். சில புற்றுகளும் அதே தோற்றம் தரும் என்பதால் படத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

இடம்தான் அதிகம் பேசும். எந்த உறுப்பின் நிணநீர் எங்கே வடியுமோ, அந்த முடிச்சில்தான் அதன் புற்று முதலில் தங்கும். விதைப்பைக்குள் இருக்கும் விதையில் (டெஸ்டிஸ்) வரும் புற்று இடுப்பு மடிப்புக்கு வராமல் சிறுநீரக மட்டத்தில் மகாதமனி அருகே போகும். கருவில் விதை அங்கிருந்துதான் தன் ரத்தக் குழாய்களோடு கீழே இறங்குகிறது. ஆகவே இளவயது ஆணுக்கு மகாதமனி ஓரத்தில் கட்டி தெரிந்தால், ஊசியால் திசு எடுக்கும் முன் விதைப்பை அல்ட்ராசவுண்டும், விதைப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ரத்தப் பரிசோதனைகளும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இது அடிக்கடி விட்டுப்போகிறது.

இடது காறையெலும்புக்கு மேலுள்ள குழியையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிற்று நிணநீரைச் சுமக்கும் மார்பு நிணநாளம் அங்கேதான் ரத்தத்தில் கலக்கிறது. அங்கே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால், வயிற்றுக்குள் ஆழமாகக் குத்துவதைவிட அதிலிருந்தே திசு எடுப்பது எளிது.

பெரும் தவறுகள் நடப்பது திசு எடுக்கும் கட்டத்தில்தான். நுண்ணூசி செல்களை மட்டுமே உறிஞ்சும். லிம்போமா (நிணநீர் மண்டலத்திலேயே தோன்றும் புற்று) சந்தேகம் இருந்தால் முடிச்சின் உள்ளமைப்பே தெரிய வேண்டும். தடித்த ஊசியில் எடுத்த கோர் பயாப்ஸி, இல்லையென்றால் முழு முடிச்சு வேண்டும். மாதிரி இரண்டு குப்பிகளில் போக வேண்டும்: ஒன்று திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில், மற்றது நார்மல் சலைன் என்ற உப்புநீரில். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், டி.பி. முளைக்காது. எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டுவிட்டு மறுபடி குத்துவது வீண் வேதனை. பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சுருங்கி, திசுவில் விடை கிடைக்காமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். திசு இல்லாமலே ‘டி.பி. மருந்து போட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்கினால், உள்ளே லிம்போமா இருந்தால் மாதங்கள் பறிபோகும்.

டி.பி.யா புற்றா என்று பெட் சி.டி.யும் தீர்ப்பு சொல்லாது. அது சர்க்கரை உறிஞ்சும் இடத்தைக் காட்டும், டி.பி. முடிச்சும் பளிச்சென்று எரியும். எங்கே குத்தலாம் என்று காட்டுவதற்கும், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு அடங்கியது என்று பார்ப்பதற்கும் அது உதவும்.

புற்று அறுவைக்குப் பிறகு பேதாலஜி (திசு ஆய்வு) அறிக்கையில் 0/18, 3/14 என்று ஒரு பின்னம் இருக்கும்: கீழ் எண் ஆராய்ந்த முடிச்சுகள், மேல் எண் புற்று பாய்ந்தவை. பெருங்குடல் புற்றில் மேல் எண் ஒன்று முதல் மூன்று வரை என்றால் என்1 (N1), நான்கிலிருந்து என்2 (N2) என்று குறிப்பார்கள். தொலைவில் பரவாத நிலையில், ஒரு முடிச்சில் புற்று இருந்தாலே மூன்றாம் நிலை. கீமோ பேச்சு வரும். கட்டி குடலின் வெளியுறையைத் துளைக்காத, பக்கத்து உறுப்புக்குள் நுழையாத என்1 என்றால் கேப்பாக்ஸ் மருந்துக் கூட்டு மூன்று மாதம் போதும் என்று பல மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். என்2 என்றால் வழக்கமாக ஆறு மாதம்.

கீழ் எண்ணை யாரும் கவனிப்பதில்லை. பெருங்குடலுக்குக் குறைந்தது 12, இரைப்பைக்கு 16 முடிச்சுகள் ஆராயப்பட்டிருக்க வேண்டும். 0/6 என்பது நிம்மதி தரும் எண் அல்ல. புற்று பாய்ந்த முடிச்சு, வெட்டியெடுத்த துண்டின் கொழுப்பிலேயே கண்ணில் படாமல் தங்கியிருக்கலாம். முன்பே கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்திருந்தால் முடிச்சுகள் சுருங்கி எண்ணிக்கை குறைவது இயல்பு. அப்படி எதுவும் இல்லையென்றால், மிச்சக் கொழுப்பில் இன்னொரு முறை தேடச் சொல்லி அறுவை மருத்துவர் மூலம் பேதாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்த அன்றே கேட்பது நல்லது: திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள், ஃபார்மலினில் ஊறும் குடல் துண்டைச் சில வாரங்களில் அப்புறப்படுத்திவிடுவார்கள்.