என்லார்ஜரில் எல்.இ.டி. பல்பு: மாட்டுவதும் சோதிப்பதும்

ஃபிலிம் நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கி ஃபோட்டோ பேப்பரில் விழவைக்கும் கருவி என்லார்ஜர். கண்டென்சர் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) உள்ள பழைய என்லார்ஜர்களுக்கான 75 வாட், 150 வாட் ஓப்பல் (பால் வெள்ளை) பல்புகள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கறுப்பு வெள்ளை அச்சுக்கு வீட்டு எல்.இ.டி. பல்பே போதும். சூடு குறைவு என்பதால், நெகட்டிவ் வளைந்து ஃபோகஸ் கலைகிற தொல்லையும் குறையும். ஹாலஜன் பல்பு உள்ள கலர் ஹெட்டுக்கு (நிற ஃபில்டர்கள் உள்ளேயே அமைந்த விளக்குப் பகுதி) இந்த வழி பொருந்தாது.

முதலில் பல்பு. பெரும்பாலான என்லார்ஜர்களில் இருப்பது இ27 திருகு ஹோல்டர். பின் வைத்த பல்பு நுழையாது. 9 வாட் அளவில், பால் வெள்ளைத் தலையுடன் வாங்குங்கள். தலையில் எழுத்து அச்சிட்டிருந்தால் வேண்டாம். கண்டென்சர் அந்த நிழலைப் பேப்பரில் இறக்கிவிடும். நிறம் மாறும் பல்பு, ரிமோட் பல்பு பக்கம் போகவே வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். பிறகு நெகட்டிவ் இல்லாமல், சாம்பல் நிறம் வரும் அளவுக்கு ஒரு முழுப் பேப்பருக்கு ஒளி கொடுத்து டெவலப் செய்யுங்கள். மூலைகள் வெளுத்திருந்தால் அங்கே ஒளி எட்டவில்லை. பல்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மசியாவிட்டால் ஃபில்டர் டிராயரில் ஓப்பல் அக்ரிலிக் துண்டு ஒன்றை வையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். டைமர் நின்ற பின்னும் எல்.இ.டி. சற்று நேரம் மங்கலாக எரியலாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் வேலை அது. சில டைமர்கள் அணைந்த நிலையிலும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். இழை பல்பு அதைச் சட்டை செய்யாது, எல்.இ.டி. மினுங்கும். இதைக் கண்டுபிடிக்க, சேஃப்லைட்டையும் (இருட்டறையின் மங்கல் விளக்கு) அணைத்துவிட்டு, லென்ஸை முழுதாகத் திறந்து, பேப்பரின் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். டெவலப்பரில் நாணயத்தின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் ஒளி கசிகிறது. வேறு பல்போ, ரிலே (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டைமரோ தேவை.

பேப்பரின் பாதிக்கு ஒரே மூச்சில் 10 விநாடியும், மறுபாதிக்கு ஒவ்வொரு விநாடியாகப் பத்து முறையும் ஒளி கொடுங்கள். இரண்டு பாதியின் நிறமும் வெவ்வேறாக வந்தால் பல்பு தாமதிக்கிறது. லென்ஸ் துளையைச் சுருக்கி, 15 விநாடிக்குக் குறையாமல் அச்சிட்டால் அந்தப் பிழை பொருட்டாகாது.

ஃபில்டரை மாற்றி கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய மல்டிகிரேடு பேப்பரில் நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை குறைக்கும். ஃபில்டர் எண்களோ (00 மிகக் குறைந்த கான்ட்ராஸ்ட், 5 மிக அதிகம்) இழை பல்பின் மஞ்சள் ஒளிக்குக் கணக்கிட்டவை. ஆகவே 3½ வரை ஒரே நேரம், 4 முதல் இரட்டிப்பு என்ற பழைய கணக்கை நம்பாமல், 00 முதல் 5 வரை தனித்தனியே டெஸ்ட் ஸ்ட்ரிப் (பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் ஒளி கொடுத்த பேப்பர் துண்டு) எடுத்துக் குறித்துவையுங்கள். ஒத்துவந்த பல்பில் இன்னொன்றையும் சேர்த்தே வாங்குங்கள். அடுத்த முறை அதே பெட்டிக்குள் வேறு சர்க்யூட் இருக்கலாம்.