மை, வாட்டர்கலரில் விக்டோரியா காலத்துப் போர்க்காட்சி வரையலாம் வாங்க

குதிரை வரையத் தெரியாது, அதனால் போர்க்காட்சி நமக்கு வராது என்று ஒதுங்குபவர்களுக்குத்தான் இது. ஸ்காட்லாந்து ஓவியர் வில்லியம் சிம்ப்சன் வரைந்த லைட் பிரிகேட் (பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை) தாக்குதலை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். 1854 அக்டோபர் 25, ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போர் நடக்கிறது, இடம் கிரிமியாவில் பாலக்ளாவா. பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி அறுநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். சிம்ப்சன் கிரிமியாவுக்குப் போய்ச் சேர்ந்ததே நவம்பரில்தான், அதனால் இடத்தைப் பார்த்து, சண்டையில் இருந்தவர்களிடம் கேட்டு வரைந்தார். மேட்டிலிருந்து பார்க்கும் கோணம் என்பதால் குதிரைகள் சின்னவை, நிலமும் புகையும்தான் பெரியவை. பழகுபவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள், ஹெச்பி பென்சில், தொட்டு எழுதும் நிப், பழுப்பு நிற வாட்டர்ப்ரூஃப் மை, நாலைந்து வாட்டர்கலர்கள் போதும். மை வாட்டர்ப்ரூஃபாக இல்லையென்றால் வண்ணம் பட்டதும் கோடெல்லாம் கரைந்து ஓடிவிடும்.

1. தாளைப் பலகையில் டேப் போட்டு ஒட்டி, இருபுறச் சரிவையும் நடுவில் பள்ளத்தாக்கையும் பென்சிலால் லேசாகப் போடுங்கள்.

2. படையை ஆள் ஆளாக வரையாதீர்கள். நீளமான வரிசைகளாகக் குறித்துக்கொண்டு, முன்வரிசையில் ஏழெட்டுக் குதிரைகளுக்கு மட்டும் கழுத்து, கால், வீரனின் தோள் என்று உருவம் கொடுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தலையும் ஈட்டியுமாகச் சின்னக் கோடுகள் போதும்.

3. மையில் முன்பக்கம் அழுத்தியும், தொலைவில் நிப் தாளைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். புகை வரும் இடத்தில் கோட்டைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள்.

4. மை நன்றாகக் காய்ந்தபின் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் வண்ணத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து நிலத்துக்குப் பூசுங்கள். தூரத்து மலைக்கு நீலச் சாம்பல்.

5. புகைதான் படத்தின் உயிர். புகையில்லா வெடிமருந்து 1880களில்தான் வந்தது, அதற்கு முன் பீரங்கி வெடித்தாலே வெண்புகை களத்தை மூடிவிடும். அந்த இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டு, ஓரத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் வருடிக் கரையுங்கள், கறாரான விளிம்பு நின்றுவிட்டால் புகை பாறை மாதிரித் தெரியும்.

6. பிரிட்டிஷ் படை என்றதும் கை சிவப்புக்குப் போகும். லைட் பிரிகேட் போட்டிருந்தது கருநீல மேலாடை, அதிலிருந்த 11வது ஹுசார்கள் என்ற குதிரைப்படைப் பிரிவின் கால்சட்டை மட்டும் செக்கச்சிவப்பு, அதற்கு ஒரு துளி வைத்தால் போதும்.

கடைசியாக, ஈட்டி முனையிலும் குதிரை முதுகிலும் சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளை வாட்டர்கலரில் கெட்டியாக ஒரு புள்ளி. அப்புறம், தாள் முழுக்கக் காய்ந்த பிறகே டேப்பை உரியுங்கள்.