குழந்தையின் உள்காது ஸ்கேன் ரிப்போர்ட்: எதைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும்

பெரா டெஸ்டில் (சத்தத்துக்குச் செவி நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை செய்கின்றன என்று அளக்கும் பரிசோதனை) குழந்தைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று உறுதியானதும் டாக்டர் அடுத்து ஸ்கேன் எழுதித் தருவார். பிறவியிலேயே நரம்புவகைக் கேள்விக் குறைபாடு (உள்காது அல்லது செவி நரம்பில் வரும் கோளாறு) உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உள்காதின் எலும்பு அமைப்பே மாறியிருக்கும். மற்றவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் செல் அளவில் இருப்பதால் ஸ்கேன் நார்மல் என்றுதான் வரும், அதைப் பார்த்துவிட்டு "அப்போ காது நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும், எம்ஆர்ஐ நரம்பையும் உள்ளிருக்கும் திரவத்தையும் காட்டும். எது தேவை, இரண்டும் தேவையென்றால் ஒரே மயக்க மருந்தில் எடுத்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் ஸ்கேனுக்காகக் காத்திருந்து ஹியரிங் எய்டைத் தள்ளிப்போட வேண்டாம், ஆறு மாத வயதுக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் முதலில் காக்லியாவை, அதாவது உள்காதில் ஒலியை உணரும் பகுதியைப் பாருங்கள். நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று இருக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றோடு நின்றிருந்தால் மொண்டினி என்று எழுதியிருப்பார்கள், இதில் காக்லியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் காக்லியாவுக்குள் வைத்து, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) பொதுவாக நன்றாகவே கைகொடுக்கும். உள்காதே உருவாகாத மிஷெல் வகையில் இம்ப்ளான்ட்டை வைக்க இடமே கிடையாது. அப்புறம் செவி நரம்பு. அது இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இம்ப்ளான்ட் எவ்வளவு பலன் தரும் என்பதில் நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

'வெஸ்டிபுலர் அக்வடக்ட் விரிவு' (உள்காதிலிருந்து எலும்புக்குள் செல்லும் மெல்லிய கால்வாய் அகன்றிருப்பது) என்று இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்பது பழைய அளவுகோல், இப்போது அதைவிடக் குறைவான அளவையும் கணக்கில் எடுக்கிறார்கள். பிறந்தபோது ஓரளவு கேட்ட குழந்தைக்குக்கூட இதில் கேள்வித்திறன் படிப்படியாகவோ, கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட மறுநாள் திடீரென்றோ இறங்கலாம். சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம், குத்துச்சண்டை, ஆழ்கடல் நீச்சல் வேண்டாம். அதற்காக ஓடி விளையாடவே விடாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பது என் பார்வையில் தேவையில்லாதது. நேற்று கூப்பிட்டால் திரும்பியவன் இன்று அதே ஹியரிங் எய்டோடு திரும்பவில்லையா? பேட்டரியைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் அன்றைக்கே ஈஎன்டி டாக்டரிடம் போய்விடுங்கள். இந்த விரிவு பென்ட்ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறிலும் வரும், அதில் தைராய்டும் பாதிக்கப்படலாம் என்பதால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

தலை நிற்பதும் நடப்பதும் தாமதமானால் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம், பிசியோதெரபி உதவும்.

சில வகைக் கோளாறுகளில் மூளைத் திரவம் உள்காதுக்குள் கசிய வழியிருப்பதால் மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரலாம். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று சரிபாருங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி என்றால் உடனே எமர்ஜென்சி, மூக்கின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருந்தால் அது கசியும் மூளைத் திரவமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இம்ப்ளான்ட் வைக்கும் சர்ஜன் படத்தைத் தானே பார்க்கத்தான் விரும்புவார்.