செம்மண் சடக்கும் என் ஸ்போர்ட்ஸ் காரும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர, செம்பனைத் தோட்டத்துச் சடக்கைத் தாண்டித்தான் ஆகவேண்டும். குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி எங்கும் சரளைக்கல். என் மாஸ்டா எம்எக்ஸ்-5 தரையோடு படிந்து ஓடும் கார். முன்னால் போகும் லோரி பானட்டில் ஊசிமுனை அளவு புள்ளிகள் வைக்கிறதென்றால், காரின் முன்சக்கரங்களே வாரியடிக்கும் கல் கதவுக்குக் கீழ், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பெயிண்ட்டைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. பானட் அலுமினியம், துருப்பிடிக்காது. கதவுக்குக் கீழே இரும்பு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பெயிண்ட்டுக்கு மேல் பூசும் செராமிக் கோட்டிங் போதும் என்பார்கள். அழுக்கு ஒட்டாது, கழுவ சுலபம், அவ்வளவுதான். சில மைக்ரான் கனம் கல்லடியை எப்படித் தாங்கும்? பெயிண்ட்டைக் காக்க அதன்மேல் ஒட்டும் பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் மறைந்தும் போகும்.

முதலில் புள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்து, காரின் கலர் கோட் எண் பார்த்து வாங்கிய பெயிண்ட்டை மெல்லிய பூச்சாக வைத்தேன். அது நன்றாக இறுகிய பிறகே ஃபிலிம். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு தாங்காது. முன்பம்பர், பானட், பக்கக் கண்ணாடிகளின் கூடு, கதவுக்குக் கீழுள்ள பகுதி போதும். கூடவே சக்கரத்துக்குப் பின்னால் கல்லைத் தடுக்கும் மட்ஃபிளாப் கட்டாயம் போடுங்கள், விலை குறைவு, பலன் அதிகம்.

பிரஷர் வாஷரை மட்டும் ஃபிலிமின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், உரிந்துவிடும்.