விகடகவியைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுச் சொற்களைக் கண்டுபிடிக்க நான் எழுதிய முதல் நிரல் ‘விகடகவி’யிடமே தோற்றது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) அந்தச் சொல் ஐந்து எழுத்தல்ல, ஏழு குறியீடு: வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. திருப்பிப் போட்டால் இகரக் குறி ஒட்ட இடமின்றித் தலையில் வந்து நிற்கிறது. ஆட்டோமேட்டாவை, அதாவது உள்ளே வருவதைப் பார்த்து நிலை மாறும் கற்பனை இயந்திரங்களை, அன்றுதான் உண்மையில் படித்தேன். கல்லூரியில் படித்தது தேர்வுக்கு.

குறியீடுகளை எழுத்துகளாகப் பிரித்தறியும் அப்படியோர் இயந்திரத்தை வரைவோம். ஒரு தாளை எடுங்கள். உள்ளே வருவனவற்றை மூன்று வகையாக்குங்கள்: உயிர் (ஆய்தமும் இதிலேயே இருக்கட்டும்), அகரமேறிய மெய், ஒட்டிவரும் குறி (புள்ளி, கால், கொம்பு எல்லாம்). பிறகு இயந்திரத்தின் நிலைகளாக நான்கு வட்டங்கள் போடுங்கள்: தொடக்கம், காத்திருப்பு, முடிந்தது, குழி. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் வகைக்கு ஓர் அம்பு, ஆக 12 அம்புகள். ஒன்று விட்டுப்போனாலும் இயந்திரம் விழிக்கும்.

உயிர் வந்தால் ‘முடிந்தது’. மெய் வந்தால் ‘காத்திருப்பு’, ஏனெனில் அடுத்து குறி வரலாம், வராமலும் போகலாம். குறி வந்தால், காத்திருப்பிலிருந்து மட்டும் ‘முடிந்தது’. மற்ற இடங்களிலிருந்து குழி. குழியில் விழுந்தவருக்கு மீட்சி கிடையாது. காத்திருப்புக்கும் முடிந்ததற்கும் இரட்டை வட்டம் போடுங்கள். சொல் தீரும்போது அங்கே நின்றால் ஏற்கப்பட்டது. இப்படி ஏற்கப்படும் சரங்கள் (குறியீட்டு வரிசைகள்) அத்தனையும் சேர்ந்ததுதான் இந்த இயந்திரத்தின் ‘மொழி’. பொருள் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

‘தமிழ்’ என்று ஓட்டிப் பாருங்கள். த, காத்திருப்பு. ம, மறுபடி காத்திருப்பு. இகரக் குறி, முடிந்தது. ழ, காத்திருப்பு. புள்ளி, முடிந்தது. குறியீடுகள் ஐந்து, உயிரோ மெய்யோ வந்த தடவைகளை எண்ணினால் மூன்று. எழுத்து எண்ணிக்கை அதுதான்.

சில பழைய கோப்புகளில் ‘கொ’ என்பது க, கொம்பு, கால் என மூன்றாகக் கிடக்கும். நம் இயந்திரம் அதைக் குழியில் தள்ளிவிடும். கொம்பைத் தனி வகையாக்கி, ‘கொம்பு பார்த்தேன், கால் வரலாம்’ என்று ஐந்தாவது வட்டம் ஒன்று போடுங்கள். நிலை என்பது இயந்திரத்தின் ஞாபகம் என்பது அதைப் போடும்போது பிடிபடும்.

மாலைமாற்றுக்கு அந்த ஞாபகம் போதாது. முதல் பாதி எவ்வளவு நீளமும் இருக்கலாம். வட்டங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எழுத்துகளைத் தட்டுகளைப் போல அடுக்கி, நடுவிலிருந்து மேல்தட்டாக எடுத்து ஒப்பிட வேண்டும். நடு எது? அடுக்கு இயந்திரம் அதை ஊகிக்கத்தான் வேண்டும். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956-இல் வகுத்த மொழிவகைகளின் வரிசையில் முதல் இயந்திரத்துடையது ஒழுங்கு மொழி, இது அதற்கு ஒரு படி மேலே, சூழல் சாரா மொழி.

எழுத்தாக வெட்டிக் கொடுத்தபின் என் நிரல் விகடகவிக்கு ‘ஆம்’ என்றது. ‘க்ஷ’வை மட்டும் இன்னும் இரண்டாகத்தான் எண்ணுகிறது.